நாற்காலியா, கையா, அசையும் உருவமா: பார்த்து வரையக் கற்பவர் எந்தப் பயிற்சியை முதன்மையாகக் கொள்வது?

ஓவிய வகுப்பில் புதிதாகச் சேர்கிற ஒருவர் முதல் சில வாரங்களுக்குள்ளாகவே ஏழெட்டு வகையான பயிற்சிகளைச் சந்தித்துவிடுகிறார். ஒரு நாள் தாளைப் பார்க்காமல் தன் கையை வரையச் சொல்கிறார்கள். இன்னொரு நாள் எதிரே நிற்கும் மனிதரை ஒரே நிமிடத்தில் வரைந்து முடிக்கச் சொல்கிறார்கள். வேறொரு நாள் பென்சிலை நீட்டிப் பிடித்து அளவெடுக்கக் கற்றுத் தருகிறார்கள். அடுத்த வாரமே, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை வரையுங்கள் என்கிறார்கள். இவை எல்லாமே பார்த்து வரையும் பயிற்சிகள்தாம். எல்லாமே பயன் உள்ளவைதாம். ஆனால் பெரும்பாலானோருக்கு வகுப்பு என்பது வாரத்தில் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் மட்டுமே. மற்ற நாள்களில் தனியாக உட்கார்ந்து அரை மணி நேரம் வரைய முடிந்தால் அதுவே பெரிது. அந்த அரை மணி நேரத்தை எந்தப் பயிற்சிக்குக் கொடுப்பது என்று யாராவது எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தால், கற்கத் தொடங்கிய காலத்தில் பல மாதங்களை மிச்சப்படுத்தியிருப்பேன். அந்த முடிவை இப்போது எடுக்க வேண்டியவர்களுக்காகவே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

பயிற்சிகளை ஒப்பிடுவதற்கு முன்பு, அவை எந்தக் குறையைத் தீர்க்க வந்தவை என்பதைப் பார்த்துவிட வேண்டும். வரைய வராதவர்களைக் கேட்டால், ‘எனக்குக் கை ஓடவில்லை’ என்பார்கள். உண்மையில், தன் பெயரைக் கையெழுத்தாகப் போட முடிந்த எவருக்கும் ஒரு நாற்காலியை வரையத் தேவையான கைக்கட்டுப்பாடு இருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. தமிழில் ‘தெரிதல்’ என்ற ஒரே சொல் கண்ணுக்குப் புலப்படுவதையும் குறிக்கிறது, அறிந்திருப்பதையும் குறிக்கிறது. அந்தச் சொல் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதைப் போலவே நம் மனமும் கட்டி வைத்திருக்கிறது. எனவே, தெரிவதை வரைய உட்கார்ந்து, தெரிந்ததை வரைந்துவிட்டு எழுகிறோம்.

நான்கு கால்கள் கொண்ட ஒரு சாதாரண மர நாற்காலியை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாலைந்து அடி தள்ளி, சற்றே பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால், அதன் இருக்கை ஒரு சாய்ந்த, மெலிந்த நாற்கரமாகத்தான் கண்ணில் விழுகிறது. முன்னிருந்து பின்னுக்குப் போகும் பக்கம் மிகவும் குறுகிக் காட்சியளிக்கிறது. பின்கால்களின் அடிப்பகுதி, முன்கால்களின் அடிப்பகுதியைவிடத் தாளில் மேலே இருக்க வேண்டும். ஆனால் இருக்கை சதுரம் என்பதும், நான்கு கால்களும் ஒரே உயரம் என்பதும், நான்கும் ஒரே தரையில் நிற்கின்றன என்பதும் நமக்கு முன்பே தெரியும். ஆகவே புதிதாக வரைபவர் இருக்கையைக் கிட்டத்தட்டச் சதுரமாகவே போடுகிறார். நான்கு கால்களையும் சம நீளத்தில் இறக்கி, அடிகளை ஒரே கோட்டில் நிறுத்துகிறார். முடிவில் நாற்காலி முன்பக்கமாகக் கவிழ்வதைப் போலத் தோன்றுகிறது. அவர் மீண்டும் மீண்டும் அழித்துக் கோட்டை நேராக்கப் பார்க்கிறார். ஆனால் கோடு கோணலாக இருந்ததே இல்லை.

இந்த அறிவின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதை ஒரு நிலைக்கண்ணாடியின் முன் நின்று சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின் ஓரத்தை அழியக்கூடிய மையால் கண்ணாடிப் பரப்பின் மேலேயே வரைந்துவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். அது உங்கள் முகத்தின் உண்மையான உயரத்தில் சரிபாதிதான் இருக்கும். எவ்வளவு தள்ளி நின்று வரைந்தாலும் பாதிதான். ஏனெனில் கண்ணாடியின் பரப்பு உங்களுக்கும் உங்கள் பிம்பத்திற்கும் நட்டநடுவில் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் பார்க்கும் முகத்தின் அளவில் இவ்வளவு பெரிய வேறுபாட்டை நாம் கவனித்ததே இல்லை என்றால், நாற்காலியின் இருக்கை குறுகித் தெரிவதைக் கவனிக்காமல் போவதில் வியப்பில்லை.

ஆகவே எந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நான் தெரிந்ததை வரைந்துவிட்டேன் என்பதை, பக்கத்தில் ஆசிரியர் இல்லாதபோதும் இந்தப் பயிற்சி எனக்குக் காட்டித் தருமா? வகுப்பில் ஆசிரியரின் கண் நமக்குக் கிடைக்கிறது. வீட்டில் அது கிடையாது. பிழையைக் காட்டாத பயிற்சியை எத்தனை மணி நேரம் செய்தாலும், அந்தப் பிழையே கைக்குப் பழகிப்போகும். பயிற்சியின் சுவை, அது தரும் மன அமைதி, வரையும்போது கிடைக்கும் மகிழ்ச்சி ஆகிய எல்லாவற்றையும் நான் மதிக்கிறேன். ஆனால் முதல் சில மாதங்களுக்கு அவற்றை இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் வைப்பேன்.

தாள் பாராமல் வெளிக்கோட்டை வரையும் பயிற்சியிலிருந்து தொடங்குகிறேன். வகுப்புகளில் பெரும்பாலும் முதலில் வருவது அதுதான். இடக்கையை மேசைமேல் வைத்துவிட்டு, கண்ணைக் கையின் ஓரத்தில் ஒரு புள்ளியில் நிறுத்தி, பென்சில் முனை அந்தப் புள்ளியையே தொட்டுக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு எறும்பு ஊர்வதைப் போலக் கண் நகர, அதே வேகத்தில் பென்சிலும் நகர வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது. கட்டைவிரலின் மேற்கணுவுக்கு வந்ததும் அங்கே ஒரு மடிப்பு அல்ல, நான்கைந்து மடிப்புகள் இருப்பது தெரிகிறது. அவற்றுள் ஒன்று ஓரத்தைத் தொடாமல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. நகத்தின் விளிம்பு தோலுக்குள் நுழையும் இடத்தில் கோடு சட்டென்று திரும்புகிறது. இத்தனை ஆண்டுகளாகத் தன்னோடு இருக்கும் கையை முதன்முறையாகப் பார்க்கிற உணர்வு அது. இந்தப் பயிற்சி கற்றுத் தரும் பொறுமையை வேறு எதுவும் தருவதில்லை. அவசர அவசரமாக, மயிரிழை மயிரிழையாகக் கீறிக் கீறிக் கோடு போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல மருந்தும் இல்லை.

ஆனால் விகிதம் இதில் கைகூடாது. தாளைப் பார்க்காமல் வரைந்தால் விரல்கள் ஒன்றோடொன்று மோதும், மணிக்கட்டு எங்கோ போய் நிற்கும். அது இந்தப் பயிற்சியின் இயல்பு என்பதால் யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. அதனாலேயே, விகிதத்தில் செய்யும் பிழைக்கும் பயிற்சியின் இயல்பால் வரும் கோணலுக்கும் இடையே உள்ள வேறுபாடு கற்பவருக்குப் புலப்படாமலே போகிறது. நான் ஏறக்குறைய எட்டு மாதங்கள் இதையே முதன்மையாகச் செய்தேன். நோட்டுப் புத்தகம் முழுக்க அழகான கோடுகள். ஒரு நாள் வகுப்பில் மேசையையும் அதன் அருகே ஒரு நாற்காலியையும் வைத்து வரையச் சொன்னபோது, மேசை நாற்காலியின் மேல் ஏறி உட்கார்ந்தது. அந்த எட்டு மாதங்கள் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை எனக்குத் தேவைப்பட்டதைத் தரவில்லை.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது விரைவுக் கோட்டோவியம். அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடங்களுக்குள், ஓரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, தோள்பட்டையின் சரிவும் இடுப்பின் சரிவும் எப்படி எதிரெதிராகப் போகின்றன என்பதை மட்டும் பிடிக்கும் பயிற்சி அது. நியூயார்க்கில் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ் என்ற ஆசிரியரின் பாடத்திட்டம், அவர் மறைந்த பிறகு 1941-இல் நூலாக வெளிவந்தபோது, மெதுவான வெளிக்கோடும் இந்த விரைவுக் கோடும் அதில் இணைந்தே இருந்தன. ஒன்று தொட்டுத் தொட்டு நகர்கிறது. மற்றது முழுமையை ஒரே மூச்சில் பற்றுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்வதற்காக வைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து வந்து ‘கண்ணைப் பழக்கும் பயிற்சி’ என்று கொடுக்கும்போது அந்தச் சமநிலை போய்விடுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

விரைவுக் கோட்டோவியத்தை வீட்டில் தனியே செய்வதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, உங்களுக்காக அசையாமல் நிற்க ஒருவர் வேண்டும். இரண்டாவது, ஒரு நிமிடம் கழித்து அவர் நகர்ந்துவிட்டால், நீங்கள் வரைந்தது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. வகுப்பிலோ, மாதிரியாக நிற்பவர் இருக்கிறார். ஆசிரியரும் உங்கள் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, ‘பாரம் இடக்காலில் இருக்கிறது, நீங்கள் வலக்காலில் இறக்கியிருக்கிறீர்கள்’ என்று சொல்லிவிடுகிறார். ஆகவே இதை வகுப்பு நேரத்திற்கு ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து. வீட்டில், வரைய உட்காரும்போது கையின் இறுக்கம் தளர ஐந்து நிமிடம் செய்தால் போதும்.

மூன்றாவது வழி அளவெடுத்து வரைவது. இதற்குப் பழைய வரலாறு உண்டு. இத்தாலியரான ஆல்பெர்ட்டி 1435-இல் ஓவியம் பற்றி எழுதியபோது, தடித்த நூல்களால் கட்டம் பிரிக்கப்பட்ட மெல்லிய திரை ஒன்றைக் கண்ணுக்கும் பொருளுக்கும் நடுவே தொங்கவிட்டு வரையும் முறையை விளக்கினார். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1525-இல் வெளியிட்ட, அளவெடுத்தல் பற்றிய நூலில் இத்தகைய கருவிகளை மரச்செதுக்குப் படங்களாகவே காட்டினார். வான்கோ 1882-இல் ஹேக் நகரத்தில் இருந்தபோது இப்படி ஒரு சட்டத்தைச் செய்வித்து, அதைத் திறந்தவெளிக்குத் தூக்கிச் சென்று வரைந்ததைத் தம் தம்பிக்கு எழுதிய கடிதங்களில் விவரித்திருக்கிறார். அளவெடுப்பதை ஏமாற்று வேலையாக நினைத்துக் கூச்சப்படும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டம்தான் நினைவுக்கு வருகிறது.

சட்டம் இல்லாதபோது பென்சிலே சட்டம். கையை முழுவதும் நீட்டி, முழங்கை மடங்காமல் வைத்து, ஒரு கண்ணை மூடி, பென்சில் முனையைப் பொருளின் ஒரு விளிம்போடு பொருத்தி, மறு விளிம்பு வரும் இடத்தில் கட்டைவிரல் நகத்தை நிறுத்த வேண்டும். அந்த நீளம் எத்தனை சென்டிமீட்டர் என்பது முக்கியமல்ல. நாற்காலியின் முதுகுப் பலகை அதன் முன்காலைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் முக்கியம். முழங்கையை மடக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்த பென்சில் அடுத்த அளவின்போது 54 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால், அந்த இரண்டாவது அளவு பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். நாற்காலியின் ஒரு கால் பத்தில் ஒரு பங்கு குட்டையானால் அது ஆடும் நாற்காலிதான். இதைவிட அடிக்கடி நடக்கும் பிழை இன்னொன்று. பின்னோக்கிப் போகும் விளிம்பை அளக்கும்போது, பென்சிலும் தன்னையறியாமல் அந்த விளிம்போடு சேர்ந்து பின்னோக்கிச் சாய்ந்துவிடுகிறது. அப்படிச் சாய்த்தால், குறுகித் தெரிந்த நீளத்தை அளக்காமல் உண்மையான நீளத்தையே அளந்துவிடுவோம். தெரிந்தது மறுபடியும் தெரிவதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நமக்கு எதிரே ஒரு கண்ணாடித் தகடு நிற்பதாகவும், பென்சில் அந்தத் தகட்டில் ஒட்டிக்கொண்டு மட்டுமே சுழல முடியும் என்றும் எண்ணிக்கொண்டால் இந்தப் பிழை வராது. சாய்வுகளைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்வதும் உதவும்: இருக்கையின் இந்த விளிம்பு இரண்டு மணி முள்ளைப் போல இருக்கிறதா, இரண்டரை மணி முள்ளைப் போலவா?

அளவெடுக்கும் முறையிலும் இரு பிரிவுகள் உண்டு. வரைபலகையைப் பொருளுக்கு அருகிலேயே நிறுத்தி, குறித்த ஓரிடத்தில் நின்று பார்க்கும்போது பொருளும் படமும் ஒரே அளவாகத் தெரியும்படி வரைவது ஒன்று. இதில் பிழை கண்ணை உறுத்தும் அளவுக்குத் துலக்கமாகத் தெரியும். ஆனால் அதற்கு நிலையான இடமும், மாறாத வெளிச்சமும், ஒரே படத்தில் பல வாரங்கள் செலவிடும் மனமும் வேண்டும். முழுநேர ஓவியக்கூடங்களுக்கே அது பொருந்தும். நான் சொல்வது மற்றொன்றை: ஒரு பாகத்தை அலகாகக் கொண்டு மற்றவற்றை அதன் மடங்குகளாகக் காண்பதை. அரை மணி நேரத்திற்கு அது போதுமானது.

அளவெடுத்து வரைபவர்களின் படங்கள் விறைப்பாக, உயிரில்லாமல் இருப்பதாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது பல நேரங்களில் நியாயமானதும்கூட. ஆனால் அந்த விறைப்பு அளப்பதால் வருவதில்லை. ஊகிப்பதற்கு முன்பே அளப்பதால் வருகிறது. முதலில் கண்ணால் மட்டும் மதிப்பிட்டு, மெல்லிய கோடாகத் தாளில் வைத்துவிட வேண்டும். அதன் பிறகுதான் பென்சிலை நீட்ட வேண்டும். அப்போது அளவு நமக்கு விடை தருவதில்லை. நம் விடையைத் திருத்தித் தருகிறது. இருக்கையின் குறுகிய பக்கத்தை நான் எப்போதும் நீட்டித்தான் போடுகிறேன் என்பது ஒரு வாரத்திற்குள் தெரிந்துவிடுகிறது. அடுத்த வாரம் கோடு வைக்கும்போதே கை சற்றுத் தயங்குகிறது. அந்தத் தயக்கம்தான் கண் பழகத் தொடங்கியதற்கான அடையாளம். இந்த ஒரு வரிசை மாற்றத்தை மட்டும் எல்லா வகுப்புகளிலும் வலியுறுத்திச் சொன்னால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

நான்காவதான இடைவெளி வரைதல், என் கணிப்பில், தனியாகக் கற்பவருக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த துணை. முதுகுப் பலகையின் இரு குச்சிகளுக்கு நடுவில் உள்ள வெற்றிடத்துக்கு ஒரு வடிவம் இருக்கிறது. முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே, குறுக்குக் கட்டைக்கு மேலே ஒரு வடிவம், கீழே ஒரு வடிவம். இவற்றுக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் அவற்றைப் பற்றி நமக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாது. தெரியாததால், கண்ணில் விழுவதை அப்படியே எடுத்துக்கொள்வதைத் தவிர மனத்திற்கு வேறு வழி இல்லை. ‘நாற்காலியின் கால்’ என்றவுடன் நீளம் இவ்வளவு என்று குறுக்கே பேசும் மனம், இரண்டு கால்களுக்கு இடையே உள்ள ஒரு கோணல் நாற்கரத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாமல் அமைதியாகிவிடுகிறது.

செய்முறை எளிது. ஓர் அட்டையில் தாளின் அதே விகிதத்தில் சிறு சாளரம் ஒன்றை வெட்டிக்கொண்டு, அதன் வழியாக நாற்காலியைப் பார்க்க வேண்டும். நாற்காலி சாளரத்தின் விளிம்புகளைத் தொடும்படி அமைத்துக்கொண்டால் வெளியே உள்ள இடமும் மூடிய வடிவங்களாகப் பிரிந்துவிடும். முதலில் ஒரே ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதைத் தாளில் வைக்கிறோம். அதை ஒட்டிய அடுத்ததை வைக்கிறோம். இப்படியே ஒன்றை ஒட்டி ஒன்றாகப் போனால், நாற்காலியை வரையாமலே நாற்காலி வந்துவிடுகிறது. பிழை இருந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை: கடைசி வடிவம் மிஞ்சிய இடத்தில் பொருந்தாது. நான் முதன்முறையாகச் செய்தபோது, பின்கால்களுக்கு இடையே இருந்த கடைசி இடைவெளி, தாளில் அதற்கென்று மிஞ்சியிருந்த இடத்தைவிட ஒரு விரல் அளவு அகலமாக இருந்தது. எங்கோ முன்னால் அந்த ஒரு விரல் அகலத்தைத் தின்றிருக்கிறேன் என்று பின்னோக்கித் தேடிப் போனேன். இருக்கையின் முன்விளிம்பை நீட்டிப் போட்டிருந்தேன். யாரும் சொல்லாமல், அழிப்பான் எடுக்கும் முன்பே, பிழை எங்கே என்று நானே கண்டுபிடித்த முதல் நாள் அது.

குறை இதற்கும் உண்டு. இடைவெளிகள் நிறைந்த பொருள் வேண்டும். நாற்காலி, ஏணி, மிதிவண்டி, கத்தரிக்கோல், இடுப்பில் கைவைத்து நிற்கும் ஆள் ஆகியவை நன்றாக ஒத்துழைக்கும். ஒரு பந்துக்கோ கூழாங்கல்லுக்கோ சுற்றுப்புறத்தைத் தவிர இடைவெளி ஏதும் இல்லை. தவிர, எல்லாவற்றையும் தட்டையான வடிவங்களாகவே பார்க்கப் பழகிவிட்டால், பொருளுக்குப் பருமன் உண்டு என்பதே மறந்துபோகும் ஆபத்தும் உண்டு. ஆனால் அது தொடக்க நிலையில் இருப்பவரின் சிக்கல் அன்று. அந்தச் சிக்கல் வரும் அளவுக்கு வளர்ந்துவிட்டால் மகிழ வேண்டியதுதான்.

படத்தைத் தலைகீழாக வைத்துப் பிரதி எடுக்கும் பயிற்சியும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. முகம் தலைகீழானால் அது முகமாகத் தெரிவதில்லை, கோடுகளாகத் தெரிகிறது. 1979-இல் பெட்டி எட்வர்ட்ஸ் என்ற ஓவிய ஆசிரியரின் நூல் வெளிவந்த பிறகு இது பெரும் புகழ் பெற்றது. வரைவது மூளையின் வலப்பாதியின் வேலை, பெயரிடுவது இடப்பாதியின் வேலை என்று அதில் சொல்லப்பட்ட விளக்கத்தை இன்றைய நரம்பியல் அந்த வடிவில் ஏற்பதில்லை. விளக்கம் எப்படியிருந்தாலும் பயிற்சி வேலை செய்கிறது. ஆனால் அது ஓரிரு முறை செய்து, ‘என்னாலும் முடியும்’ என்ற நம்பிக்கையைப் பெறுவதற்கு உரியது. எதிரே நிற்கும் மனிதரையோ மேசையையோ தலைகீழாக நிறுத்த முடியாது என்பதால், இதை அன்றாடப் பயிற்சியாக்கிக்கொள்வதில் பொருளில்லை.

இங்கே பலரும் கேட்கும் ஒரு கேள்வி வருகிறது: உண்மைப் பொருளுக்குப் பதிலாக ஒளிப்படத்தைப் பார்த்து வரையலாமா? படம் அசையாது, வெளிச்சம் மாறாது, எங்கும் எடுத்துச் செல்லலாம். வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் முப்பரிமாணப் பொருளைத் தட்டையான பரப்புக்கு மாற்றுவதுதான் நாம் கற்க வந்த வேலை. ஒளிப்படத்தில் அந்த வேலையைக் கேமரா ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. நாம் ஒரு தட்டையான தாளிலிருந்து இன்னொரு தட்டையான தாளுக்கு நகலெடுக்கிறோம். மேலும், அலைபேசிக் கேமராவை முகத்தருகே வைத்து எடுத்தால் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் தெரியும். நிழலில் நம் கண்ணுக்குத் தெரியும் நுணுக்கங்கள் படத்தில் ஒரே கருப்பாகிவிடுவதும் உண்டு. அந்தக் கருப்பையே பார்த்துப் பழகியவரின் ஓவியங்களில் நிழல் எல்லாம் ஓட்டைகளாகத் தெரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒளிப்படத்தைப் பற்றி இப்படிச் சொன்னாலும், சிறந்த ஓவியங்களைப் பிரதி எடுப்பதை நான் ஒதுக்கவில்லை. சார்ல்ஸ் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியர், ஜெரோம் என்ற இன்னொரு ஓவியருடன் சேர்ந்து 1866 முதல் 1871 வரை வெளியிட்ட பயிற்சித் தாள்கள், பிரதி எடுத்துக் கற்பதற்கென்றே திட்டமிட்டு உருவாக்கப்பட்டவை. வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்த 1880-ஆம் ஆண்டில் அவற்றைத்தான் எடுத்துக்கொண்டு வரைந்தார். அவற்றுள் ஒவ்வொரு கோடும் ஒரு தேர்ந்த கண் எடுத்த முடிவு. வளைவு ஒன்றை எப்படி நேர்கோட்டுத் துண்டுகளாக எளிமைப்படுத்துவது, நிழலின் எல்லையை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் அந்த முடிவுகளிலிருந்து கற்கலாம். ஒளிப்படத்தில் அத்தகைய முடிவு எதுவும் இல்லை. ஆகவே பிரதி எடுப்பதென்றால் ஓவியத்தைப் பிரதி எடுங்கள். பார்த்து வரைவதென்றால் பொருளைப் பாருங்கள்.

ஷேடிங் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் தொடக்கத்தில் அதை முதன்மையாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. விகிதம் தவறிய நாற்காலிக்கு எவ்வளவு அழகாக நிழல் தீட்டினாலும் அது அழகாக நிழல் தீட்டிய தவறான நாற்காலிதான். ஆனால் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளலாம். இமைகளைப் பாதி மூடிப் பார்த்தால் சிறு விவரங்கள் மறைந்து, ஒளி, நடுநிலை, நிழல் என்று இரண்டு மூன்று பெரிய திட்டுகளாகப் பொருள் பிரிந்து நிற்கும். ஒரு வெள்ளைக் கோப்பையை விளக்கின் ஒரு பக்கம் வைத்து இப்படிப் பார்த்தால், அதன் நிழல் பக்கம் வெள்ளையே அல்ல என்பதும், அருகில் உள்ள சாம்பல் நிறத் துணியின் வெளிச்சம் பட்ட பகுதியைவிட அது கறுத்திருக்கக்கூடும் என்பதும் விளங்கும். அதே கோப்பையின் அடிப்பகுதியையும் பாருங்கள். மேசை தட்டையானது என்று தெரிந்திருப்பதால் பலரும் அடியை நேர்கோடாகப் போடுகிறார்கள். ஆனால் மேலிருந்து பார்க்கும்போது, கண்மட்டத்திலிருந்து கீழே போகப் போக வட்டங்கள் அகலத் திறந்துகொள்கின்றன. எனவே கோப்பையின் வாயைவிட அதன் அடியின் வளைவு இன்னும் உருண்டையாக இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் எடைபோட்ட பிறகு, வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போய், மற்ற நாள்களில் அரை மணி நேரம் தனியாக வரையக்கூடிய ஒருவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். முதல் பன்னிரண்டு வாரங்களுக்கு இடைவெளி வரைதலை முதன்மையாக வைத்து, ஊகித்த பின் அளக்கும் முறையை அதற்குச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பயிற்சியில் வாரத்திற்கு நான்கு நாள்கள் இதற்கு. ஒரு நாள் மட்டும் தாள் பாராத வெளிக்கோடு, அதுவும் கை அல்லது கசங்கிய துணி போன்ற சிக்கலான பொருளை எடுத்துக்கொண்டு. விரைவுக் கோட்டோவியத்தை வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாற்காலியைப் பன்னிரண்டு வாரங்கள் வரைவது சலிப்பூட்டாதா என்று கேட்கலாம். உட்காரும் இடத்தை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் மாற்றினால், எல்லா இடைவெளிகளும் புதியவை ஆகிவிடுகின்றன. பொருள் பழையதுதான், படம் புதியது.

முடித்த படத்தை நிலைக்கண்ணாடியில் காட்டிப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். ஆல்பெர்ட்டி காலத்திலிருந்தே ஓவியர்களுக்குச் சொல்லப்பட்டு வரும் அறிவுரை இது. இடவலம் மாறியதும் படம் வேறொருவர் வரைந்ததைப் போலத் தோன்றுவதால், பத்து நிமிடங்களாகக் கண்ணுக்குப் பழகிப்போயிருந்த சாய்வு சட்டென்று துருத்திக்கொண்டு தெரியும்.

இந்தத் தேர்வு எல்லாருக்கும் பொருந்தாது. அசைவூட்டப் படங்களுக்கோ மனித உருவங்களுக்கோ வரைய வேண்டும் என்று தெளிவாக வந்திருப்பவர், முதல் நாளிலிருந்தே விரைவுக் கோட்டோவியத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நாற்காலி அவருக்கு வாரத்தில் ஒரு நாள் போதும். சிறுவர்களிடம் பென்சிலை நீட்டி அளக்கச் சொல்வதில் எனக்கு விருப்பமில்லை. தெரிந்ததை வரைவது அவர்கள் வயதுக்குரிய உரிமை, இடைவெளிகளை விளையாட்டாகக் காட்டினால் போதும். பல ஆண்டுகளாக ஒளிப்படங்களைத் துல்லியமாக நகலெடுத்து வந்தவருக்கோ விகிதம் சிக்கலே அன்று, கோடுதான் சிக்கல். அவர் என் எட்டு மாதங்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், தாள் பாராத வெளிக்கோடு அவருக்கே உரியது. நாள்தோறும் ஆசிரியரின் அருகில் அமர்ந்து கற்கும் வாய்ப்புப் பெற்றவர் எதில் தொடங்கினாலும் பழுதில்லை, ஏனெனில் பிழையைக் காட்ட அங்கே ஒரு கண் இருக்கிறது.

பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகு எப்போது அடுத்த கட்டத்துக்கு நகர்வது என்பதைப் படமே சொல்லும். மெல்லிய கோடாக ஊகித்து வைத்த முதல் மதிப்பீட்டை அளந்து பார்க்கும்போது, திருத்த வேண்டிய அளவு பென்சில் முனையின் தடிமனைத் தாண்டவில்லை என்ற நிலை ஒரு வாரம் முழுவதும் தொடர்ந்தால், நாற்காலியைத் தள்ளி வைத்துவிட்டு மனித உருவத்திற்குப் போகலாம். அங்கேயும் முதலில் தேட வேண்டியது இடைவெளியைத்தான்: முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் உள்ள முக்கோணம், கழுத்துக்கும் தோளுக்கும் மேலே உள்ள வெற்றிடம். கண்கள் தலையின் மொத்த உயரத்தில் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கின்றன என்பதை அளந்து பார்த்துத்தான் பலரும் நம்புகிறார்கள். முகத்தில்தான் நம் கவனமெல்லாம் இருப்பதால் நெற்றிக்கு மேலே உள்ள தலையை நசுக்கி, கண்களை மேலே ஏற்றிவிடுவது வழக்கம்.

தொடங்கும் முன் ஒரே ஒரு முன்னேற்பாடு. நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் படும் இடங்களையும், நீங்கள் உட்காரும் இடத்தையும் சாக்கட்டியால் குறித்து வையுங்கள். கண்மட்டம் மாறாமலிருக்க, தினமும் ஒரே உயரமுள்ள இருக்கையில் உட்காருங்கள். இரண்டு விரல் அளவு நகர்ந்தாலும் பின்கால்களுக்கு இடையே உள்ள அந்த மெலிந்த இடைவெளி மாறிவிடும். பிறகு பிழை உங்கள் கண்ணுடையதா, நகர்ந்த நாற்காலியுடையதா என்று கண்டுபிடிக்க வழி இருக்காது.